இரண்டு பேராக மலை ஏற எந்த வண்டி?

தம்பி ஒருவர் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கோயம்புத்தூரில் வேலை. ஐந்து வருடமாக யமஹா ஆர்15 ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுகிறார். போன வருடம் கல்யாணம் ஆயிற்று, மனைவிக்குச் சொந்த ஊர் கோத்தகிரி. மாதம் இரண்டு முறை இருவரும் பைக்கிலேயே மேலே போய் வருகிறார்கள். மேட்டுப்பாளையம்–கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை தாண்டுவதற்குள் மனைவிக்குக் கால் மரத்துப்போகிறது. இறங்கும்போது தம்பிக்கு மணிக்கட்டு விண்விண் என்று வலிக்கிறது. கடைசியாக அந்தப் பெண் சொல்லிவிட்டார்: "நீங்க வண்டில வாங்க, நான் பஸ்ல வந்துடறேன்." அதனால் நீண்ட பயணத்துக்கு ஏற்ற டூரிங் வண்டிக்கு மாற முடிவு. 650 சிசி வாங்குவதா, 450 போதுமா என்பது கேள்வி. தம்பியின் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம்.

நான் கோத்தகிரிக்குச் சற்றுக் கீழே அரவேனு பக்கம் இருப்பவன். இந்த ரோட்டில்தான் இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். நானும் ஒரு ஃபேரிங் (முன்பக்கக் காற்று மறைப்பு) போட்ட 390 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்கை நான்கு வருடம் வைத்திருந்து, இதே காரணத்துக்காக விற்றவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சிசியைப் பற்றிய கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டு பேர் போகிற வண்டியைப் பின்னால் உட்காருபவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷோரூமுக்கு அவரை அழைத்துப் போங்கள். முதலில் அவர் ஏறட்டும், பிறகு நீங்கள் ஏறுங்கள். அவர் பின்னால் உட்கார்ந்தபடி டெஸ்ட் ரைடு கேளுங்கள். ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு போதாது. அரை மணி நேரமாவது, ஸ்பீடு பிரேக்கரும் குழியும் இருக்கிற ரோட்டில் போய் வாருங்கள். இறங்கியதும் "எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். உங்கள் அபிப்பிராயத்தை முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

இதை வெறும் சொகுசுக்காகச் சொல்லவில்லை. பின்னால் இருப்பவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதே இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் பைக்கில் பின்சீட்டு உயரமாக, உள்ளங்கை அகலத்தில், பின்சக்கரத்துக்கு நேர் மேலேயோ அதற்கும் சற்றுப் பின்னாலேயோ இருக்கும். அங்கே 55 கிலோ ஏறினால் அந்த எடை அநேகமாக முழுக்கப் பின் டயருக்குத்தான் போகும். ஆக்சிலுக்குப் பின்னால் எடை போனால் முன் டயரில் இருக்கிற எடையும் குறையும். சமதளத்தில் இது தெரியாது. ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவில், முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் திருகும்போதுதான் முன் சக்கரம் மிதக்கிற மாதிரி இருக்கும். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி வெளிப்பக்கமாகவே போகப் பார்க்கும். உங்களுக்கும் அது நடந்திருக்கும். நம் ஓட்டுதலில் ஏதோ தப்பு என்று நினைத்திருப்பீர்கள். எடை இருக்கிற இடம்தான் தப்பு.

இறக்கத்தில் கதை நேர்மாறு. பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் பின்னால் இருப்பவர் முன்னால் வழுக்குவார். பிடித்துக்கொள்ள அவருக்கு உங்கள் முதுகைத் தவிர வேறு இடம் கிடையாது. அந்த எடை உங்கள் தோள் வழியாக இறங்கி, தாழ்வான கிளிப்-ஆன் ஹேண்டிலில் ஊன்றியிருக்கிற மணிக்கட்டில் போய் நிற்கும். உங்கள் வலிக்கு அதுதான் காரணம். வலியைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மணிக்கட்டில் இரண்டு பேர் எடை இருக்கும்போது ஹேண்டிலை நுணுக்கமாகத் திருப்ப முடியாது. பிரேக்கை விரலால் அளந்து பிடிக்கவும் முடியாது. டூரிங் வண்டியில் ஹேண்டில் உயரமாக, அகலமாக இருக்கும், நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். பின்சீட்டு உங்கள் சீட்டைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஃபுட்ரெஸ்ட் தாழ்வாக இருப்பதால் அவர் கால் மடங்கி ஒடுங்காது, காலை ஊன்றித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வார். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் கம்பி இருக்கும். சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற தூரமும் கூடுதல். ஆர்15-இல் அது 1,325 மி.மீ. ராயல் என்ஃபீல்டின் டூரிங் வண்டியான ஹிமாலயன் 450-இல் 1,510. அந்த நீளத்தில் இரண்டாவது ஆளை அச்சுக்கு முன்னாலேயே உட்காரவைக்க முடிகிறது.

நான் வண்டியை விற்றதற்கு உடனடிக் காரணம் ஒரு யானை. குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசனில் யானை ரோட்டுக்கு வருவது எல்லாருக்கும் தெரியும். ஒரு ஜூன் மாதம், இருட்டுகிற நேரம், மனைவியோடு ஏறி வந்துகொண்டிருந்தேன். வளைவு திரும்பியதும் ஐம்பது அறுபது அடியில் ரோட்டோரம் நின்றிருந்தது, கூடவே குட்டி. திரும்பிப் போவதைத் தவிர வழியில்லை. என் வண்டியில் ஹேண்டில் கொஞ்சம் திரும்பியதுமே டேங்க்கில் முட்டி நின்றுவிடும். ஆள் ஏறியிருக்கும்போது அந்த ரோட்டு அகலத்துக்குள் ஒரே மூச்சில் திருப்பவே முடியாது. மனைவியை இறங்கச் சொன்னேன். அவர் உயரத்திலிருந்து இறங்கக் கால் தடுக்கி, என் தோளைப் பிடித்து ஒருவழியாக இறங்கினார். நான் முன்னும் பின்னும் தள்ளி வண்டியைத் திருப்பி, அவர் மறுபடி ஏறி, கிளம்புவதற்குள் அரை நிமிடம் ஆகியிருக்கும். யானை எங்களைப் பார்த்ததே தவிர நகரவில்லை. அன்று ராத்திரி மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நானாகவே அடுத்த வாரம் வண்டியை விற்பனைக்குப் போட்டேன். அதனால் ஷோரூமில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். இரண்டு பேரும் உட்கார்ந்தபடி ஒரு சின்னத் தெருவுக்குள் திருப்பிப் பாருங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். டெஸ்ட் ரைடில் இதை யாரும் செய்வதில்லை.

சரி, இனி எஞ்சின். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர், ஊட்டி 2,240. மேலே போகப் போகக் காற்று மெலிதாகும், எஞ்சினுக்குக் கிடைக்கிற ஆக்சிஜனும் குறையும். 300 மீட்டருக்கு மூன்று சதவீதம் வலு குறையும் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஊட்டி போய்ச் சேரும்போது ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். ஆர்15 நல்ல எஞ்சின்தான், ஆனால் அதன் முழு டார்க் (எஞ்சினின் சுழற்று விசை, அதாவது இழுவை) 14 நியூட்டன் மீட்டர் சொச்சம், அதுவும் 7,500 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றுகிற எண்ணிக்கை) மேலே போனால்தான் கிடைக்கும். ஹேர்பின்னில் பஸ் பின்னால் ஊர்ந்து போகும்போது யார் எஞ்சினை 7,500-இல் வைத்திருப்பார்கள்? கிளட்சைப் பாதி பிடித்துச் சமாளிப்பீர்கள், கிளட்ச் தட்டு தேயும். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-இன் குதிரைசக்தி ஆர்15-ஐவிட ஒன்றிரண்டுதான் அதிகம், ஆனால் 27 நியூட்டன் மீட்டர் டார்க் 4,000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். பழைய ஹிமாலயன் 411-இல் 32, அதுவும் 4,000-லிருந்து. ஹோண்டா சிபி350-இல் 30, வெறும் 3,000-இல். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஏறுவதற்கு இந்தக் கீழ் ஆர்பிஎம் இழுவைதான் தேவை. உச்ச வேகம், குதிரைசக்தி இதெல்லாம் கோவை–சேலம் பைபாஸில் பேச வேண்டியது.

அப்படியானால் 650-தானே நல்லது என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, உங்கள் இரண்டு பேருக்கு, இந்த ரோட்டுக்கு வேண்டாம். ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியோர் 650-இன் எடை 241 கிலோ. உங்கள் ஆர்15 142. நூறு கிலோ கூடுதல் என்பது ஓடும்போது தெரியாது, நிற்கும்போது தெரியும். மலையில் வண்டி சமதளத்தில் நிற்பதே அபூர்வம். ஏற்றத்தில் பஸ்ஸுக்காக நிற்கிறீர்கள். வலது கால் பின் பிரேக்கில் இருக்க வேண்டும், இடது கால்தான் தரையில். இடது பக்கம் ரோடு சரிவாக இருந்தால், சமதளத்தில் எட்டுகிற கால் அங்கே எட்டாது. பின்னால் இருப்பவர் அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் அசைந்தால் போதும், 241 கிலோ வண்டியும் இரண்டு ஆளும் சாய்வதை ஒரு காலால் நிறுத்த முடியாது. அந்த வண்டியின் சீட் தாழ்வுதான், 740 மி.மீ. அது ஓரளவு உதவும். ஆனால் கோத்தகிரி மார்க்கெட்டில் மேடு பார்த்து நிறுத்திவிட்டுப் பின்பக்கமாகத் தள்ளி எடுக்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள். ஆறடி உயரமும், மாதம் ஒருமுறை பெங்களூரோ சென்னையோ போகிற பழக்கமும் இருந்தால் 650 அருமையான வண்டி.

ஹிமாலயன் 450-ஐ எடுத்துக்கொண்டால் 196 கிலோ, 40 நியூட்டன் மீட்டர், 17 லிட்டர் டேங்க். பின்சீட்டு தாராளம், பின் ஷாக்கில் பிரீலோட் (ஸ்பிரிங்கின் இறுக்கம்) மாற்றலாம். உங்களுக்கு ஒரே சிக்கல் சீட் உயரம். தாழ்வான நிலையில் வைத்தாலும் 825 மி.மீ. ஆர்15-இன் 815-ஐவிட அதிகம் இல்லையே என்று தோன்றும். ஆனால் இது அகலமான வண்டி, தொடை விரிவதால் கால் இன்னும் கொஞ்சம் மேலேயே நிற்கும். இரண்டு பேர் ஏறினால் ஷாக் அமுங்கிச் சற்று இறங்கும். ஆகவே இருவருமாக உட்கார்ந்துதான் காலை ஊன்றிப் பார்க்க வேண்டும். 411 இப்போது ஷோரூமில் கிடையாது, செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். சீட் 800 மி.மீ. நான் இப்போது ஓட்டுவது அதுதான். 199 கிலோவுக்கு 24 குதிரைசக்தி என்பதால் வேகம் கிடையாது. இரண்டாவது கியரில் குஞ்சப்பனையிலிருந்து அரவேனு வரை சலிக்காமல் இழுக்கும். சுசுகி வி-ஸ்ட்ரோம் 250 எஸ்எக்ஸ் வெறும் 167 கிலோ என்பதால் தள்ளவும் திருப்பவும் சுலபம். ஆனால் டார்க் 22, அதுவும் 7,300 ஆர்பிஎம்மில். ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டிப் பழகியவருக்கு அந்த எஞ்சின் பிடிக்கும். இரண்டு பேரும் பையுமாக ஏறும்போது கியரை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மீட்டியோர் 350-இன் சீட் 765 மி.மீ., உங்கள் உயரத்துக்குக் கால் முழுசாக ஊன்றும். பின்சீட்டுக்கு முதுகுச் சாய்வும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஓட்டுபவரின் கால் முன்னால் நீட்டியிருக்கும், அதனால் குழியில் விழுகிற அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். பின்னால் ஆள் இருக்கும்போது வளைவில் ரொம்பச் சாய்த்தால் ஃபுட்ரெஸ்ட் ரோட்டில் உரசும்.

என்னைக் கேட்டால், காலும் மனைவியும் ஒத்துக்கொண்டால் 450. கால் எட்டவில்லை என்றால் தயங்காமல் ஒரு 350. விலை வித்தியாசத்தில் வரியும் இருக்கிறது என்பதைக் கணக்கில் வையுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேலே 40. எதை வாங்கினாலும் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு) இருக்கட்டும்.

இப்போது இறக்கத்துக்கு வருகிறேன். வண்டி எது என்பதைவிட இதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மேலே ஏறுவது எஞ்சினின் வேலை. கீழே இறங்கும்போது எல்லாமே உங்கள் கையில். குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோட்டில் 14 கொண்டை ஊசி, ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக 36. கல்லட்டியில் வெளியூர் வண்டிகளை இறங்க விடாததற்குக் காரணமே பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகள்தான். நம் மலைப்பாதைகளில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் போர்டு வைத்திருக்கிறார்கள். அது லாரிக்கும் காருக்கும் மட்டும் என்று நினைக்காதீர்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டவே கூடாது, நியூட்ரல் கூடவே கூடாது. பெரிய சிங்கிள் சிலிண்டர் எஞ்சினில் எஞ்சின் பிரேக்கிங் நன்றாக வரும். ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி தானாகப் பின்னால் பிடித்து இழுக்கும், அதை முழுக்கப் பயன்படுத்துங்கள்.

தனியாக ஓட்டும்போது முன் பிரேக்தான் எல்லாம் என்று பழகியிருப்பீர்கள். ஸ்போர்ட்ஸ் பைக்கில் அது சரி. ஏனென்றால் பிரேக் பிடித்ததும் எடையெல்லாம் முன்னால் போய், பின் டயர் காற்றில் தொங்குகிற நிலைக்கு வந்துவிடும். இரண்டு பேர் இருக்கும்போது பின் டயரில் நிறைய எடை இருக்கிறது, அதற்குப் பிடிப்பும் இருக்கிறது. அதனால் முதலில் பின் பிரேக்கை மெதுவாகத் தொட்டு, வண்டி சற்று அமர்ந்ததும் முன் பிரேக்கைச் சேருங்கள். பின்னால் இருப்பவர் முட்டி மோதாமல் இருப்பதற்கு இந்த அரை நொடிதான் காரணம். பிரேக்கை விடாமல் ஒரே சீராக உரசிக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிடுங்கள். டிஸ்க் ஆறட்டும். விடாமல் உரசினால் பிரேக் ஆயில் கொதிக்கும், லிவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஆனால் அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற சரக்கு, ஈரம் சேர்ந்தால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். வருடத்தில் பாதி நாள் பனிமூட்டமும் மழையுமாக இருக்கிற நம் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலைக் கட்டாயம் மாற்றுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கினால் முதல் நாளே மாற்றுங்கள்.

வளைவுகளில் ஒரு விஷயம். நாம் இடது பக்கம் போகிறவர்கள், அதனால் இடது பக்கம் திரும்புகிற ஹேர்பின்தான் கஷ்டம். உள் ஓரம் செங்குத்தாகவும் இறுக்கமாகவும் இருக்கும். ஏறும்போது அந்த உள் ஓரத்தை ஒட்டிப் போகாதீர்கள், நம் பாதியிலேயே கொஞ்சம் வெளியே தள்ளிப் போங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள், நடுவில் கிளட்சைத் தொட வேண்டாம். மேலேயிருந்து பஸ் வருகிற சத்தம் கேட்டால் வளைவுக்குள் போகாதீர்கள். பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவர் வழி விட வேண்டும் என்பது விதி. ஆனாலும் வளைவுக்குச் சற்று முன்னால் கால் ஊன்ற வசதியான இடமாகப் பார்த்து நின்று, அது போன பிறகு கிளம்புங்கள். வளைவுகளில் லாரி டேங்க்கிலிருந்து சிந்திய டீசல் இருக்கும், மழைக்காலத்தில் யூகலிப்டஸ் இலை அழுகிக் கிடக்கும். தனியாக இருந்தால் வழுக்கினாலும் சமாளிக்கலாம். பின்னால் ஒருவர் இருக்கும்போது அந்த வாய்ப்பு ரொம்பக் குறையும்.

ஆர்15-இல் படித்ததில் பலவற்றை மறக்க வேண்டியிருக்கும். முட்டியை நீட்டி, உடம்பைத் தொங்கவிட்டு வளைவது இங்கே கிடையாது. நீங்கள் நிமிர்ந்தபடியே இருங்கள், அகலமான ஹேண்டிலை லேசாகத் தள்ளினாலே வண்டி திரும்பும். முதல் ஐநூறு கிலோமீட்டர் தனியாக ஓட்டுங்கள். அதில் நாலைந்து முறையாவது மலை ஏறி இறங்குங்கள். கை பழகிய பிறகு மனைவியை ஏற்றுங்கள். அவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியது உண்டு: வளைவில் எதிர்ப்பக்கம் சாயக் கூடாது, உங்கள் தோளுக்கு மேலே வளைவின் உள்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், உடம்பு தானாக ஒத்துப் போகும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டும். இடது தோளில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போ, இரண்டு தட்டினால் நிறுத்து என்று நாங்கள் வைத்திருக்கிறோம். ஹெல்மெட்டில் மாட்டிப் பேசிக்கொள்கிற இன்டர்காம் வாங்கினால் இன்னும் நல்லது.

ஒரு பக்கமாக உட்கார்ந்து மலை ஏற வேண்டாம். புடவையில் வந்தால் அதுதான் வசதி என்று பலர் அப்படித்தான் வருகிறார்கள். எடை ஒரு பக்கமே இருக்கும். திடீர் பிரேக்குக்குப் பிடிமானம் இருக்காது. நம் நாட்டில் பைக்குகளுக்குக் கைப்பிடியும், ஃபுட்ரெஸ்ட்டும், பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கிற காப்பும் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளிலேயே உண்டு. அந்தக் காப்பைத்தான் சாரி கார்டு என்கிறோம். அழகுக்காக அதைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு, நீங்கள் கழற்றாதீர்கள். துப்பட்டா போட்டிருந்தால் ஜாக்கெட்டுக்குள் கட்டிவிடச் சொல்லுங்கள். ஹெல்மெட் அவருக்கும் அவர் தலை அளவுக்கே வாங்க வேண்டும். வீட்டில் கிடக்கிற பழைய ஹெல்மெட்டைக் கொடுப்பது பாவம். குளிரும் அவருக்குத்தான் அதிகம். மேட்டுப்பாளையத்தில் வேர்த்து விறுவிறுத்து ஏறிய ஆள் அரவேனு வரும்போது நடுங்கிக்கொண்டிருப்பார். உங்களுக்கு எஞ்சின் சூடாவது கிடைக்கும். அவருக்குக் கையுறையும் காற்றுப் புகாத ஜாக்கெட்டும் முதலில் வாங்குங்கள், வண்டிக்கு எக்ஸ்ட்ரா லைட் எல்லாம் பிறகு.

வண்டியைத் தயார் செய்வது பத்து நிமிட வேலை, ஆனால் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். இரண்டு பேர் போகும்போது பின் ஷாக்கின் பிரீலோடைக் கூட்டுங்கள். கூட்டாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கி, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். எதிரே வருகிறவர்கள் டிம் அடித்துக்கொண்டே போனால் இதுதான் காரணம். அதே நேரம் உங்கள் முன்னால் இருக்கிற பத்தடி ரோடு இருட்டாக இருக்கும். பின் டயரில் காற்று எவ்வளவு என்று வண்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் தனி ஆளுக்கும் இரண்டு பேருக்கும் வேறு வேறாகப் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். மேலே போனால் காற்றழுத்தம் மாறுமே என்று சிலர் கேட்பார்கள். உயரம் கூடினால் கேஜில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடும், குளிரினால் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். அதனால் கோவையில் காலையில் வண்டி எடுக்கும் முன்பு பார்த்ததே போதும்.

சாமான் விஷயத்தில் டாப் பாக்ஸ் பற்றிச் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவருக்கு அது முதுகுச் சாய்வு ஆகும், அந்த ஒரு காரணத்துக்காகவே நான் போட்டிருக்கிறேன். ஆனால் அது பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி மாமியார் கொடுத்துவிடுகிற கேரட்டும் உருளைக்கிழங்கும் அதில் போனால் முன் சக்கரம் மறுபடி மிதக்க ஆரம்பிக்கும். ரெயின்கோட்டும் ஜாக்கெட்டும் மட்டும் அதில். கனமானது எல்லாம் பக்கத்துப் பைகளில், முடிந்தவரை தாழ்வாக, முன்னால் தள்ளி. இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி மாட்ட வேண்டாம். பஸ்ஸுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒதுங்குகிற இடத்தில் அந்த அகலம் இடிக்கும், துணிப் பை போதும்.

ஆர்15-ஐ வைத்துக்கொள்வதா விற்பதா என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். விற்றுவிடுங்கள். இரண்டும் இருந்தால் கை இரண்டுக்கும் மாறி மாறிப் பழகி, எதிலும் முழுசாக நிற்காது. அந்தப் பணத்தில் இரண்டு நல்ல ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் வந்துவிடும்.

புது வண்டியில் ஒரு மாதம் கோத்தகிரி போய் வந்த பிறகு, பழனி வழியாகக் கொடைக்கானல் ஒருமுறை போய் வாருங்கள். பழனியிலிருந்து ஏறி, பெருமாள்மலையில் வத்தலக்குண்டு ரோட்டோடு சேர்கிற பாதை. வளைவு நிறைய, அவசரப்பட வேண்டியதில்லை, பின்னால் இருப்பவர் பார்க்கவும் நிறைய இருக்கிறது. முக்கால் மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள், உங்களுக்கு வலிக்காவிட்டாலும் நிறுத்துங்கள்.

ஷோரூமுக்குப் போகும்போது அவர் வழக்கமாக ஊருக்குப் போகப் போட்டுக்கொள்கிற உடையிலேயே வரட்டும். தோளில் மாட்டுகிற பையையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அது முதுகில் இருக்கும்போது எப்படி உட்கார முடிகிறது, வண்டியில் அதை எங்கே கட்டலாம் என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.